நாலாவது நிபந்தனை

ஜெலுத்தோங்,
14-2-1943

குணவதியின் தகப்பனாருக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். பிள்ளை இப்போதுதான் கண் மூடினாள். பகலில் பள்ளிக்கூடம், பின்னேரம் ஆசிரியர்களுக்கு ஜப்பான்காரர் வைக்கிற நிப்பொன் பாஷை வகுப்பு, இடையில் ஊபிக்கிழங்குக்கு வரிசை. உட்கார்ந்து எழுத எனக்கு மிஞ்சுவது இந்த நேரம்தான். விளக்கில் எண்ணெய் குறைவு. எழுத்துக் கோணலாக இருந்தால் அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்ற எதற்கும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

தபாலை உடைத்துப் படிக்கிறார்கள் என்பதால் சிக்கந்தர் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் ஊர்ச் சந்தையில் காய்கறி எடுத்து இங்கே விற்கிறவர், கிழமை தவறாமல் கடல் தாண்டுகிறவர். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

நான் புக்கிட் மெர்தாஜாமுக்குத் திரும்பி வர மாட்டேன். நாகநாதன் அண்ணா வீட்டின் பின்னறையில் நானும் பிள்ளையும் இருக்கிறோம், இங்கேயே இருப்போம். காரணம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது போல உங்கள் அக்கா ஊரெல்லாம் கேட்டுத் திரிகிறா என்று கேள்வி, அதனால் ஒருமுறை எழுதிவிடுகிறேன். நாற்பத்தொன்றாம் வருஷ மார்கழியில் இந்தத் தீவுப் பட்டணத்தில் குண்டு விழுந்தபோது குணவதி பிறந்த துடக்குக்கூடக் கழியாத பச்சைப் பிள்ளை. முதல் பேறு என்று அண்ணா வீட்டுக்கு நான் வந்திருந்த நேரம். எரிகிற புகை ஜெலுத்தோங் வரை வந்தது. பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு ஆயர் ஈத்தாம் மலைப்பக்கம் நடந்தேன். நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தீர்கள். சிக்கந்தர் அண்ணன் ஒரு சம்பான் படகைப் பிடித்து வந்து, இங்கே அகப்பட்டிருந்த தன் மனைவி சல்மாவைக் கூட்டிப் போனார். நீங்கள் வந்தது தை மாதமும் கழிந்து, எல்லாம் ஓய்ந்த பிறகு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன்.

நான் கேட்பது விவாகரத்து அல்ல. லோயர் கார்த்திகேசுவிடம் கேட்டேன். இப்போது வழக்கு இல்லாமல் வீட்டு முற்றத்தில் ஊபி நட்டுக்கொண்டிருக்கிறார். மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, டைவர்ஸ் எண்டால் நீங்கள் ஆரோ அவர் ஆரோ. இன்னொரு வழி இருக்கு. புருஷன் பெண்சாதி எண்ட முறை அப்பிடியே நிற்கும். ஆனா ஒரு கூரைக்குக் கீழை இருக்கவேண்டிய கடமை மட்டும் இல்லாமல் போகும். அதுக்குப் பத்திரம் எழுதலாம்."

எனக்கு அது போதும். பள்ளிக்கூடம் போகும் வழியில் காவல் நிலை ஒன்று உண்டு. குனிந்து வணங்கிவிட்டுத்தான் தாண்ட வேண்டும். "புருஷன் எங்கே" என்று சில நாள் கேட்பார்கள். "ரெயில்வேயில்" என்று சொல்ல எனக்கு ஒருவர் வேண்டும். பிள்ளைக்குத் தகப்பன் பெயர் வேண்டும். அவ்வளவுதான் உங்களிடமிருந்து எங்களுக்கு வேண்டியது.

புஷ்பராணி

* * *

புக்கிட் மெர்தாஜாம்,
22-2-2603

புஷ்பராணிக்கு,

உமது கடிதம் சிக்கந்தர் மூலம் கிடைத்தது. வாசித்து விளங்கிக்கொண்டேன். இருமுறை வாசித்தும் நியாயம் மட்டும் விளங்கவில்லை.

பெண்சாதி என்ற பெயர் உமக்கு வேண்டும், பெண்சாதியாக இருக்க மாட்டீர். அப்படியானால் எனக்கு மிஞ்சுவது என்ன? வீட்டில் ஒரு சீவன் இல்லை, இன்னொருத்தியைக் கட்டவும் வழி இல்லை. எங்கள் ரெயில்வேக் கந்தோரில் ஒரு விஷயத்தை நடத்துவோம், அல்லது மூடுவோம். நடத்தாமலும் மூடாமலும் அலுமாரியில் பூட்டி வைப்பது எங்கேயும் வழக்கமில்லை. கல்லூரி வாசித்த தலைக்கு மட்டும் அது புத்திசாலித்தனமாகத் தெரிகிறது போலும்.

படகு இல்லை என்று எத்தனை தரம் சொல்வது? ரெயில்வே ஆட்கள் இடத்தை விட்டு அசையக் கூடாது என்று அப்போது கட்டளை. சிக்கந்தர் வந்தான் என்றால் அவனுக்குக் கந்தோர் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரே பாட்டு. வாழைப்பழத்தையும் விடவில்லை நீர். அந்தப் பழத்தை நீர்தான் தின்றீர் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

என் முடிவைச் சொல்கிறேன். ஒன்றில் பிள்ளையைக் கொண்டு வீட்டுக்கு வாரும். இல்லையென்றால் விவாகரத்து. அக்கா கெப்பாலா பத்தாஸில் ஓரிடம் பார்த்து வைத்திருக்கிறா. நில அளவைக் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்றவரின் மகள். சொந்த வயல் உள்ள குடும்பம். விவாகரத்து என்றால் பிள்ளை என்னிடம் வரும். பிள்ளை தகப்பனுக்கு என்பதை நான் உமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அங்கே ஊபி தின்று வயிறு ஊதிக் கிடப்பதைவிட இங்கே வந்து சோறு தின்னட்டும்.

நல்லம்மா அக்கா சொன்னதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். "கோர்ட்டும் வேண்டாம், லோயரும் வேண்டாம். நீ போய் அவளின்ரை கையாலை ஒரு பிடி சோறு வாங்கித் தின்னு. எங்கடை ஆக்களுக்கு அதுதான் கலியாணம். ஐயரும் இல்லை, மேளமும் இல்லை, எனக்கு உன்ரை அத்தான் அப்பிடித்தான் வந்தவர். சோறு போட்டாளெண்டால் பிறகு ஆர் எழுதின பத்திரமும் நில்லாது." படிக்காத அக்காவுக்குத் தெரிந்த சட்டம் இது. யோசித்துப் பாரும்.

சு. அம்பிகைபாகன்

* * *

ஜெலுத்தோங்,
1-3-1943

குணவதியின் தகப்பனாருக்கு,

தேதிக்கு 2603 என்று போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் எனக்கும் நடுவில்கூட நிப்பொன் வருஷமா? கந்தோர் மேசையை விட்டு எழும்பிய பிறகாவது அதைக் கழற்றி வையுங்கள். அடியில் முழுக் கையெழுத்து வேறு. பெண்சாதிக்கு எழுதுகிற மனுஷர் தன் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போட்டு எழுதுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கெப்பாலா பத்தாஸ் பெண்ணின் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை. வயலைத்தான் எழுதியிருக்கிறீர்கள். தாலியை நெல் மூட்டையின் கழுத்தில் கட்டுவதாக உத்தேசமா?

அந்தப் பிள்ளைக்காகவும் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். நம்முடைய கலியாண எழுத்து நடந்தது யாழ்ப்பாணத்தில். அதை வெட்டுவதென்றால் அங்கேயுள்ள கோர்ட்டில்தான் வெட்ட வேண்டும் என்கிறார் கார்த்திகேசு. கப்பல் எங்கே? இங்கே இப்போது இருக்கிற கோர்ட்டில் ஏதோ ஒரு கடதாசி வாங்கிக்கொண்டு நீங்கள் அவளைக் கட்டலாம். நாளைக்குக் காலம் மாறினால் அந்தக் கடதாசியை யார் மதிப்பார்கள்? அவள் உங்களுக்கு என்ன முறை? அவள் பெறுகிற பிள்ளைகள் யார்? நான் கேட்கிற பத்திரத்துக்கு எந்த ராச்சியத்தின் முத்திரையும் வேண்டாம். நீங்களும் நானும் சம்மதித்து, இரண்டு பேர் சாட்சிக்கு வைத்தால் போதும். யார் ஆண்டாலும் நம் இரண்டு பேரின் கையெழுத்து நம் கையெழுத்துதான்.

பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் நிபந்தனை, நாம் தனித்தனியே இருக்கலாம், ஒருவர் மற்றவரை வற்புறுத்தி அழைக்கக் கூடாது. இரண்டாவது, பிள்ளை என்னிடம் வளர்வாள். மூன்றாவது, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து அவளைப் பார்க்கலாம். நாலாவது, நாம் மறுபடி கூடி வாழ்ந்தால் பத்திரம் செல்லாமல் போகும். நாலாவதை நான் கேட்கவில்லை. இப்படியான பத்திரங்களில் அது வழக்கமாக வருவது என்று கார்த்திகேசு தானாகவே எழுதினார்.

"பிள்ளை தகப்பனுக்கு" என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். அவள் ஊபிக்கூழை எந்தக் கரண்டியில் கொடுத்தால் குடிப்பாள், எந்தக் கரண்டியைக் கண்டால் துப்புவாள் என்று உங்களுக்குத் தெரியுமா? அவளுக்கு எத்தனை பல் வந்திருக்கிறது? உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து நான் அவளைப் பக்கத்தில் விடாமல் கையில் போட்டுக்கொண்டு படுக்கிறேன்.

பத்திரம் முடிகிற வரையில் பிள்ளையைப் பார்க்கக் கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. இந்த ஞாயிறு வாருங்கள். பகலில் வாருங்கள்.

புஷ்பராணி

* * *

புக்கிட் மெர்தாஜாம்,
9-3-2603

புஷ்பராணிக்கு,

வந்தேன். பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன், நீர் மறுக்க முடியாது.

காலையில் அக்கா தந்த ஒரு துண்டுக் கிழங்குடன் கிளம்பினேன். படகுத் துறையிலிருந்து ஜெலுத்தோங் வரை வெயிலில் நடை. பஸ் இல்லை. செருப்பு நடு வழியில் அறுந்தது. அப்படி வந்து நின்ற மனுஷனை நீர் விறாந்தையில் ஒரு முக்காலியில் இருத்தினீர். உள்ளே வாருங்கள் என்ற பேச்சே இல்லை. பிள்ளை உமது சேலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "மாமா" என்றது. தெருவில் போகிற ஆம்பிளைகளையெல்லாம் அப்படித்தான் சொல்லும் என்று நீரே விளக்கமும் தந்தீர்.

அதையும் பொறுத்தேன். உமது மச்சாள், நாகநாதனின் பெண்சாதி பத்மாவதி, அவவுக்காவது மனம் இருக்கிறது, ஒரு கோப்பித் தண்ணியும் அவித்த கிழங்கும் கொண்டு வந்தா. நீர் எழும்பிப் போய் அவவின் கையைப் பிடித்தீர். "மச்சாள், வேண்டாம். உள்ளுக்குக் கொண்டு போங்கோ" என்றீர். என் கண்ணுக்கு முன்னால். பிடித்த பிடியில் கோப்பி தட்டில் சிந்தியது. நான் அந்தச் சிந்தின கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், புஷ்பராணி.

வாசலில் வருகிற பிச்சைக்காரனுக்கும் இந்தப் பட்டினிக் காலத்தில் சனம் தண்ணீர் கொடுக்கிறது.

திரும்பும்போது துறையில் கண் இருண்டு உட்கார்ந்துவிட்டேன். சிக்கந்தர்தான் தாங்கிப் பிடித்துக் கரும்புத் தண்ணி வாங்கித் தந்தான். "என்னா சார், சொந்த வூட்டுக்குப் போயிட்டுப் பட்டினியா வர்றீங்க? புஷ்பராணியக்கா ஒண்ணும் குடுக்கலையாலா?" என்று கேட்டான். வயிறு நிறைந்தது, வெயில்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். உமக்காகப் பொய் சொன்னேன். அவன் நம்பவில்லை.

பத்திரத்தில் நான் கையெழுத்து வைக்க மாட்டேன். அடுத்த முறை விறாந்தையில் உட்கார மாட்டேன். நேரே உள்ளே வந்து என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவேன். தடுக்கிறவர்கள் தடுக்கட்டும்.

சு. அம்பிகைபாகன்

* * *

ஜெலுத்தோங்,
16-3-1943

குணவதியின் தகப்பனாருக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணாவுக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அடுத்த படகில் வந்து உங்கள் சட்டையைப் பிடித்திருப்பார். கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். ஏன் என்று கேட்டார். நாய் வருகிறது என்றேன்.

ஏன் அப்படி நடந்தேன் என்று உங்களுக்கு விளங்கவே இல்லையா? உங்கள் அக்கா சொன்னதை எனக்கு எழுதியனுப்பியது யார்? ஒரு பிடி சோறு வாங்கித் தின்றால் எந்தப் பத்திரமும் நில்லாது என்று உங்கள் கையாலேயே எழுதினீர்கள். எழுதி இரண்டு கிழமையில் வந்து நிற்கிறீர்கள், முகம் வாடி, பசியோடு. பத்திரத்தில் நாலாவது நிபந்தனை, கூடி வாழ்ந்தால் செல்லாது என்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம்முடைய ஆட்களில் ஒரு பெண் சோறு போட்டால் அது கலியாணம் என்பது எனக்கும் தெரியும். என் பெரியம்மா ஒருத்திக்கும் அப்படித்தான் நடந்தது. நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் போய், "அவள் எனக்குச் சாப்பாடு போட்டாள், நாங்கள் சேர்ந்துவிட்டோம், பிள்ளையைத் தா" என்று வந்து நின்றால் நான் என்ன செய்வேன்? அந்தக் கோப்பியும் கிழங்கும் என் கண்ணுக்குக் கோப்பியும் கிழங்குமாகத் தெரியவில்லை. பிள்ளையை வாங்க வந்த விலையாகத் தெரிந்தது.

நீங்கள் போன பிறகு மச்சாள் என்னைப் பிடித்துக்கொண்டா. "உனக்கென்ன விசரே? கோப்பியும் சோறே? அந்த மனுஷன் செருப்பைக் கையிலை தூக்கிக்கொண்டு போகுது!" என்று ஏசினா. நான் பத்திரத்தைத் தூக்கிக் காட்டினேன். "இதைக் கொண்டுபோய் அடுப்பிலை வை" என்றா.

மறுநாள் கார்த்திகேசுவிடம் போய்க் கேட்டேன். அவர் மண்வெட்டியில் சாய்ந்து நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கல்லூரியிலை படிச்ச பிள்ளை நீர்! சட்டம் வந்து சட்டி பானையைத் திறந்து பாக்கிறதில்லை, தங்கச்சி. கூடி வாழுறது எண்டால் திரும்பப் புருஷனும் பெண்சாதியுமா ஒண்டா இருக்கிறது. மாதத்திலை ஒருக்கால் வாற மனுஷன் ஒரு கோப்பி குடிச்சால் பத்திரம் செத்துப்போகாது. பத்து நாள் விருந்து வைச்சாலும் சாகாது." அவருடைய பெண்சாதியும் உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நடந்தது பிழை. சட்டத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டதால் வந்த பிழை. அதற்கு மேல் அதில் என்னிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். உங்களைக் கண்டு எனக்குப் பயம் வந்தது என்றால், அந்தப் பயத்தை எழுதி, மடித்து, சிக்கந்தர் அண்ணனிடம் கொடுத்தனுப்பியவர் நீங்கள்தான்.

இனிச் சந்தேகத்துக்கே இடம் இருக்கக் கூடாது என்று நாலாவது நிபந்தனையை அடித்துவிடும்படி கார்த்திகேசுவிடம் சொல்லியிருக்கிறேன். திரும்பக் கூடுகிற பேச்சே அதில் இருக்காது. உங்களுக்கும் அது வசதிதானே?

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவேன் என்கிறீர்கள். தூக்குங்கள். உங்கள் மணம் தெரியாத பிள்ளை. அந்நியர் தூக்கினால் மூச்சடக்கி அழுவாள், உதடு நீலமாகும், குடித்ததையெல்லாம் கக்குவாள். கெப்பாலா பத்தாஸ்காரி அந்த நேரத்தில் என்ன செய்வாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். படகில் ஏறி, அத்தனை சனத்துக்கும், காவலுக்கு நிற்கிறவனுக்கும் கேட்கத் தக்கதாகக் கத்துவேன். வெட்கம் எல்லாம் அந்த மார்கழியோடு ஆயர் ஈத்தாம் ரோட்டில் போய்விட்டது.

புஷ்பராணி

* * *

புக்கிட் மெர்தாஜாம்,
2-4-1943

புஷ்பராணிக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். தாள் தட்டுப்பாடு. இது அனுப்பப்படும்.

புதன்கிழமை கந்தோரில் பெயர் வாசித்தார்கள். சயாமில் புதிதாகப் போடுகிற ரெயில் பாதைக்கு ஆள் வேண்டுமாம். கூலிகளோடு கிளார்க்குமாரும் போக வேண்டும். என் பெயரும் இருந்தது. வருஷப்பிறப்புக்கு அடுத்த நாள் புறப்பாடு. எவ்வளவு காலம் என்று கேட்டவனுக்குக் கன்னத்தில் விழுந்தது. அதனால் நான் கேட்கவில்லை.

கெப்பாலா பத்தாஸுக்கு இந்தச் செய்தி எனக்கு முன்னாலேயே போய்விட்டது. சயாமுக்குப் போகிற மாப்பிள்ளைக்குத் தரப் பெண் இல்லை என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். அக்கா இரண்டு நாளாக அழுகிறா. எனக்காகவா வயலுக்காகவா என்று விளங்கவில்லை. நெல் மூட்டையைப் பற்றி நீர் எழுதியது நினைவுக்கு வந்தது. சிரிப்பு வரவில்லை.

பெயர் வாசித்த பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிட்டு, ஏதும் நடந்தால் யாருக்குச் சொல்வது என்று கேட்டார்கள். அக்காவைச் சொல்ல நினைத்தேன். வாய் தானாக, "பெண்சாதி, ஜெலுத்தோங்" என்றது. வெளியே வந்து யோசித்தேன். நான் கேட்டபடி விவாகரத்து கிடைத்திருந்தால் அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருப்பேன்? பிள்ளை பேச்சுப் படிக்கிற வயதில் இருக்கிறது. அதனிடமா போய்ச் சொல்வார்கள்? நடத்தாமலும் மூடாமலும் வைப்பதற்கு என்ன உபயோகம் என்று கேட்டேன் அல்லவா? இதுதான் உபயோகம் போலிருக்கிறது. செத்தால் செய்தி போய்ச் சேர ஒரு விலாசம்.

உமக்கு அது பாரம் என்றால் சொல்லும். பெயரை மாற்றிக் கொடுக்கிறேன். பெண்சாதி என்று நீர் இருந்தால், செய்தி வருகிற நாளில் நீர் கைம்பெண் ஆக வேண்டியிருக்கும். துடக்குக் காக்க வேண்டும், பொட்டை அழிக்க வேண்டும். கூரை வேறு என்றாலும் அது தப்பாது. இதையெல்லாம் கார்த்திகேசு உமக்குச் சொன்னாரோ தெரியாது.

பத்திரத்தில் கையெழுத்து வைக்கிறேன். நீர் சொன்னது சரி என்பதால் அல்ல. பிள்ளையைச் சயாமுக்குக் கொண்டு போக முடியாது, அக்காவிடம் விட்டுவிட்டுப் போனால் அவ அதைச் சயாமைவிடத் தூரத்துக்குக் கொண்டு போய்விடுவா. உம்மிடமே இருக்கட்டும்.

நாலாவது நிபந்தனையை மட்டும் அடிக்க வேண்டாம். அது அங்கே இருந்தால் உமக்கு என்ன நட்டம்? இருக்கட்டும்.

11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வரலாமா? விறாந்தையிலேயே இருக்கிறேன். தண்ணீரைப் போத்தலில் கொண்டு வருவேன்.

அம்பிகைபாகன்

* * *

ஜெலுத்தோங்,
6-4-1943

குணவதியின் தகப்பனாருக்கு,

இன்றைக்கும் நேரம் கழிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். சிக்கந்தர் அண்ணன் விடிந்ததும் வருவார். "சீக்கிரம் எழுதி வைங்கக்கா, சம்பான் காத்துக்கிட்டு நிக்காதுலா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர்ப் போத்தல் கொண்டு வர வேண்டாம். அப்படி எழுதினால் எனக்குச் சுடும் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள். சுட்டது. சந்தோஷமா?

கார்த்திகேசு நாலாவதை அடித்துவிட்டுப் புதுப் பிரதியும் எழுதி முடித்திருந்தார். திரும்ப எழுதச் சொன்னேன். "தாளுக்கு எங்கை போறது? உங்கள் ரெண்டு பேருக்கும் சண்டை பிடிக்கிறதுக்கு என்ரை மையே கிடைச்சுது?" என்று முணுமுணுத்தார். பள்ளிக்கூடத்தில் எழுதித் தீர்ந்த கணக்குப் பரீட்சைத் தாள் கொண்டு போய்க் கொடுத்தேன். அதன் முதுகில் எழுதியிருக்கிறார். நாலு நிபந்தனையும் இருக்கிறது. அண்ணாவும் சிக்கந்தர் அண்ணனும் சாட்சி. "நான் கையெழுத்துப் போட்டா சப்பான்காரன் புடிச்சிக்கிட்டுப் போயிட மாட்டானே?" என்று கேட்டுக்கொண்டேதான் சிக்கந்தர் அண்ணன் சம்மதித்தார்.

நான் துடக்குக் காக்க வேண்டி வரும் என்பதைக் கார்த்திகேசு சொல்லவில்லை. அவர் சொல்லித்தான் அது எனக்குத் தெரிய வேண்டுமா? விவாகரத்து வேண்டாம், இது போதும் என்று கேட்ட அன்றைக்கே தெரியும். பெயரை மாற்ற வேண்டாம். ஜெலுத்தோங் விலாசமே இருக்கட்டும். ஆனால் அந்த விலாசத்துக்கு அப்படி ஒரு செய்தி வந்தால் நான் உங்களை விட மாட்டேன்.

மார்கழி மாதத்தை நான் மறக்கவில்லை. படகு இல்லை, கட்டளை, கந்தோர் என்று முதல் கடிதத்தில் காரணங்கள் எழுதினீர்கள். கடைசிக் கடிதத்தில் அதுவும் இல்லை. அதையும் ஒரு நிபந்தனையாகப் போட முடியுமா என்று கேட்டேன். அப்படியான கணக்குக்குப் பத்திரத்தில் இடமில்லையாம். ஆகவே அது வெளியேதான் நிற்கிறது. நீங்கள் ஏன் வரவில்லை என்ற உண்மையை எனக்கு நேரே நின்று சொல்ல வேண்டும். இந்த ஞாயிறு வேண்டாம். இந்த ஞாயிறு சொன்னால் போகிற மனுஷன் என்று இரங்கிவிடுவேன், அது எனக்குப் பிடிக்கவில்லை. சயாமிலிருந்து திரும்பி வந்து சொல்லுங்கள்.

பிள்ளைக்கு "அப்பா" சொல்லிக் கொடுக்கிறேன். நன்றாகச் சொல்கிறாள். உங்களுடைய கலியாணப் படத்தைக் காட்டினாலும் அப்பா என்கிறாள், மதிலில் இருக்கிற பூனையைக் காட்டினாலும் அப்பா என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பூனையைக் கழித்துவிடலாம் என்று பார்க்கிறேன். தூக்க வேண்டுமானால் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது சத்தமில்லாமல் மடித்துக்கொண்டிருங்கள், கடதாசியோ துணியோ. அவளாகவே வருவாள். நின்றுகொண்டு கையை நீட்டினால் வர மாட்டாள்.

விறாந்தையில் இருக்க வேண்டாம், உள்ளே வாருங்கள். முதலில் கையெழுத்து, பிறகு சாப்பாடு. இந்த ஒழுங்கு மாறக் கூடாது. பிள்ளைக்கு என்று மச்சாள் ஒரு பால் டின்னில் பொத்தி வைத்திருக்கிற அரிசியில் கொஞ்சம் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஊபி இல்லை, சோறு. நான்தான் போடுவேன்.

கோர்ட்டுக்கு அது வெறும் சாப்பாடு. உங்கள் அக்காவுக்கு அது என்ன என்று எனக்குத் தெரியும். எனக்கு அது என்ன என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. சாப்பிடுகிற நேரத்தில் நீங்களும் முடிவு செய்ய வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் படகுக்கு நேரத்தோடு போங்கள்.

அந்த அரிசியில் பாதி கல்லும் சுண்ணாம்பும். முதல் நாளே பொறுக்கி, கழுவிக் காய வைக்க வேண்டும். ஆகையால் வருகிறீர்களா இல்லையா என்பதைச் சிக்கந்தர் அண்ணன் திரும்பி வருகிற படகிலேயே எழுதியனுப்புங்கள். தாமதிக்காமல் பதில் போடுங்கள்.

புஷ்பராணி